கட்டுச்சோறும் காக்கிச் சட்டையும்

மலாயாவிலிருந்து ஊர் திரும்பியவர்கள் வெறுங்கையோடு வந்ததில்லை. சிலர் தங்கம் கொண்டுவந்தார்கள், சிலர் ரேடியோ, விவரமானவர்கள் இரண்டும். நான் ஒரு தகரப் பெட்டியும் ஒரு குடையும் பெட்டிக்குள் அடங்காத அளவுக்குப் பயமும் கொண்டுவந்தேன். பெட்டி துருப்பிடித்துப் போயிற்று. குடையைச் சந்தையில் எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான். பயம் மட்டும் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கிறது.

எங்கள் ஊர் சங்ககிரிக்குப் பக்கம். ஒன்பது வயதில் அப்பாவோடு கப்பலேறி, ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து, அங்கேயே பால் வெட்டும் வேலைக்கும் சேர்ந்தேன். உலகச் சண்டை முடிந்த கொஞ்ச காலத்தில் அங்கே அவசரச் சட்டம் வந்தது. காட்டுக்குள் கலகக்காரர்கள் ஒளிந்திருந்தார்கள். அவர்களுக்கு யாரும் சோறு கொடுத்துவிடக் கூடாது என்று எங்கள் குடியிருப்பைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கம்பி வாசலில் காக்கிச் சட்டைக்காரர்கள் ஒவ்வொருவரையும் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது.

பக்கத்து வீட்டு முத்தையா அண்ணன் வயிற்றுவலிக்காரர். வெறும் வயிற்றோடு அவரால் மரத்தடியில் நிற்க முடியாது. ஒருநாள் துண்டு முனையில் ஒரு கை பழைய சோற்றை முடிந்துகொண்டு வந்தார். வரிசையில் எனக்கு நேர் முன்னால் நின்றார். துண்டை அவிழ்த்தார்கள், வண்டியில் ஏற்றினார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவரை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு என் இடுப்பிலும் ஒரு பொட்டலம் இருந்தது. அது எப்படிக் கீழே விழுந்தது, நான் எப்படி அதை மண்ணோடு மிதித்துப் புதைத்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. கையும் காலும் என்னைக் கேட்காமலே பார்த்துக்கொண்டன.

அப்பா அங்கேயே கண்ணை மூடினார். ஐம்பதுகளின் நடுவில் நான் அக்காவிடம் வந்து சேர்ந்தேன். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, சங்ககிரியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். (லாரிக்குப் பாதி சொந்தக்காரரும் அவர்தான். எந்தப் பாதி என்று கேட்டால் கோபம் வந்துவிடும்.)

ஊரில் நான் அடித்த கூத்து கொஞ்சமல்ல. பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்தி விளக்கை ஊதி அணைப்பேன். அங்கே ஊரடங்கு, இங்கே அக்கா அடுப்பில் குழம்பு வைத்துக்கொண்டிருப்பாள். தபால்காரரிடம் மலாயா அடையாள அட்டையை நீட்டுவேன். பக்கத்துத் தோட்டத்தில் கிணறு வெட்டப் பாறைக்கு வேட்டு வைத்தபோது, நான் உளுந்துக் காட்டில் குப்புற விழுந்து, இருட்டும் வரை எழுந்திருக்கவில்லை. "மலாயாக்காரனுக்கு மண்டையில ஏதோ கோளாறாமா" என்ற பேச்சு திருச்செங்கோடு வரைக்கும் போயிற்று. எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டதும் வந்த வழியே திரும்பினார்கள். அங்கேயும் இருக்க முடியாது, இங்கேயும் இருக்கத் தெரியவில்லை என்றால் ஒருத்தன் எங்கேதான் போவான்?

அக்கா சளைக்கவில்லை. பேச்சு இன்னும் போய்ச்சேராத ஊராகப் பார்த்து, ஆத்தூர்ப் பக்கம் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தாள். பெண் பார்க்கக் குறித்த நாளில் மாமா ஜவ்வரிசி மூட்டை ஏற்ற ஆத்தூருக்குக் காலி லாரி ஓட்ட வேண்டியிருந்தது. (அந்த லாரியிலேயே பெண் பார்க்கவும் போய்விட்டால் ஒரே டீசலில் இரண்டு காரியம் என்றார்.) பெண் பிடித்துப் பேச்சு முடிகிற வரைக்கும் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாப்பிட உட்கார்ந்தால் சம்மதம் என்று அர்த்தம். அதனால் அக்கா பெரிய பித்தளைப் போசி நிறையப் புளிச்சோறு கிளறினாள். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி என் மடியில் வைத்தாள்.

"சாமி, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் பயப்படாம இருந்துரு."

"சரிக்கா."

"வேட்டுச் சத்தம் கேட்டுச்சுன்னா?"

"அப்படியே உக்காந்திருப்பேன்."

"காக்கிச் சட்டைக்காரன் வந்தான்னா?"

நான் போசித் துணியின் முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

"ஏன்டா வாயத் தொறக்க மாட்டீங்கற?"

"வரமாட்டாங்கல்லக்கா?" என்றேன்.

எங்களோடு பெரியப்பாவும் வந்தார். அப்பாவுக்கு மூத்தவர். எந்தப் பெண்ணைக் காட்டினாலும் குறை கண்டுபிடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார். லாரி சேலத்தைத் தாண்டும் வரைக்கும் அவர் கண் போசியை விட்டு நகரவில்லை. "பொறவு சாப்புட்டுக்கலாமுங்க பெரீப்பா, நெனச்சு நெனச்சு வவுறு கெட்டுறப் போவுது" என்று அக்கா சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆத்தூர் சாலையில் ஒரு வளைவு. திரும்பினால் குறுக்கே மூங்கில் கழி, பக்கத்தில் காக்கிச் சட்டைகள். மதுவிலக்குக் காலம் அது. மலையிலிருந்து சாராயம் இறங்குகிறது என்று வருகிற போகிற வண்டியையெல்லாம் நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வாசல், காக்கி, மடியில் சோறு. முத்தையா அண்ணனின் முதுகு என் முன்னால் நின்றது. மறு நிமிஷம் போசி லாரியை விட்டுப் பறந்து, கல்லில் மோதிக் கணீர் கணீரென்று உருண்டு, மரவள்ளிக் காட்டுக்குள் போய் மறைந்தது.

"அட பாவி! போசிடா!" என்று அக்கா அலறினாள்.

"சாராயத்த வீசறான்யா! புடி!" என்று ஒருத்தர் கத்தினார். விசில் பறந்தது. எல்லாரையும் கீழே இறக்கினார்கள். நான் யாரும் சொல்லாமலே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "சோறு இல்ல துவான்! சோறு இல்ல துவான்!" என்று புலம்பிக்கொண்டிருந்தேன். (துவான் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் ஐயா.) என்னை ஏற்றப்போகிற வண்டி எங்கே நிற்கிறது என்று கண் தேடியது.

ஏட்டு குனிந்து, சரிவில் கொட்டிக் கிடந்ததை முகர்ந்து பார்த்தார். "புளிச்சோறுய்யா" என்றார். அவர் உத்தியோகத்தில் இப்படி ஒரு கேஸை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. சோற்றில் எதையாவது கலந்திருக்கிறோமோ என்று, இலைமேல் விழுந்த ஒரு வாய்ச் சோற்றை ஒரு போலீஸ்காரர் எடுத்துத் தின்றே பார்த்தார்.

"சாராயம் இல்லீங்க ஏட்டய்யா. உப்புதான் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"உப்பெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது!" என்றாள் அக்கா. அந்த நடுக்கத்திலும் அதை மட்டும் அவளால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

மாமா கும்பிட்டார். "மலாயாவுல இருந்து வந்த பையனுங்க. காக்கியக் கண்டா பயந்துக்குவானுங்க. ஆத்தூருக்குப் பொண்ணு பாக்கப் போறமுங்க" என்று பெண்ணின் அப்பா பேரையும் ஊரையும் ஒப்பித்தார். ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவருக்கா பொண்ணு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஞாயம் இருந்தது. ஒரு கையை மாமாவும் இன்னொரு கையை அக்காவும் பிடித்து இறக்கி என்னை லாரியில் ஏற்றினார்கள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்ததால் போசியைத் தேடாமலே கிளம்பினோம். பெரியப்பா மட்டும் மண்ணில் கிடந்த சோற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பெண் வீட்டில் நல்ல மரியாதை. பெண்ணின் அப்பா மரவள்ளி போடுகிற குடியானவர், தன்மையான மனுஷர். "கட்டுச்சோறு கொண்டாந்திருப்பீங்க. இலையும் தண்ணியும் தர்றோம், மொதல்ல சாப்புடுங்க. அப்புறம் பேசலாம்" என்றார்.

நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

"வழியிலயே சாப்புட்டமுங்க" என்றார் மாமா. அவர் சொல்லி முடிக்கவும் பெரியப்பாவின் வயிறு கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி உறுமியது. உள்ளேயிருந்து பருப்பும் நெய்யும் மணத்தன. பெண் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். பாவாயி என்று பேர். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பெரியப்பா ஆரம்பித்துவிட்டார். "புள்ள கொஞ்சம் ஒசரமாட்ட இருக்குதே... ஊரும் தூரம்..." எனக்குப் புரிந்தது. சீக்கிரம் தட்டிக்கழித்துவிட்டு ஆத்தூர் ஓட்டலுக்குப் போக அவருக்கு அவசரம். அக்கா முகம் சுண்டிப்போயிற்று.

அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. காக்கிச் சட்டை, காக்கி அரை டவுசர், தலையில் தொப்பி. உப்பு பார்த்த அதே போலீஸ்காரர்.

நடுக்கூடத்தில், பெண் வீட்டார் அத்தனை பேர் பார்த்திருக்க, என் இரண்டு கையும் மேலே போயின. என்னைப் பிடித்துப் போகத்தான் வந்துவிட்டார்கள் என்றே நம்பினேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"போசிய வுட்டுட்டுப் போயிட்டீங்களே. என் வூடும் இந்தப் பக்கந்தான், அதான் கொண்டாந்தேன்" என்றார் அவர். கையில் நசுங்கிய எங்கள் போசி.

"மாப்பிள்ள ஏன் கையத் தூக்கறாரு?" என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

"மலாயாவுல பெரியவங்களக் கண்டா இப்படித்தானுங்க கும்புடுவாங்க" என்றார் மாமா, கொஞ்சமும் கூசாமல். போலீஸ்காரர் சும்மா இருந்திருக்கலாம். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே லாரி கதையைச் சோற்றுப் பருக்கை விடாமல் சொல்லி முடித்தார். கூடமே சிரித்தது. மானம் போயிற்று, பெண்ணும் போயிற்று, ஊரும் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? கையைத் தூக்கியபடியே முத்தையா அண்ணன் கதையைச் சொன்னேன். துண்டு முனை, ஒரு கை பழைய சோறு, நேர் முன்னால் நின்ற முதுகு. சிரிப்பு நின்றுபோயிற்று.

பாவாயிதான் முதலில் பேசினாள். "அண்ணா, அந்தத் தொப்பியையும் சட்டையையும் கழட்டி வெளியில மாட்டிட்டு வாங்க. அவருக்குப் பயமா இருக்குதில்ல?"

அவர் கழற்றி மாட்டிவிட்டுப் பனியனோடு வந்தார்.

"அம்மா, இலையப் போடு. எல்லாரும் பசியோட உக்காந்திருக்காங்க."

"ஏம்மா," என்று அவள் அப்பா தயங்கினார், "இவங்க இங்க கை நனைச்சா..."

"தெரியும்ப்பா" என்றாள்.

சம்மதம் கேட்க எல்லாரும் பெரியப்பாவைத் தேடினோம். அவர் ஏற்கெனவே முதல் இலையில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "புள்ள ஒசரம்னீங்களே?" என்று மாமா குத்தினார். "கீழ உக்காந்து பார்த்தா எல்லாருமே ஒசரந்தாம்பா, சோத்தப் போடச் சொல்லு" என்றார் பெரியப்பா. பனியன் போலீஸ்காரர் என் பக்கத்து இலையில். பாவாயி என் இலையில் சோறு வைத்த பிறகுதான் என் கை இறங்கியது.

அது நடந்து காலம் ஓடிவிட்டது. வீட்டில் காக்கி டவுசர் போட்டு யார் வந்தாலும் பேரன் பேத்திகள் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிச் சிரிக்கிறார்கள். பயம் விட்டதா என்றால், இல்லை. சோதனைச் சாவடி வந்தால் இன்னும் நெஞ்சு திக்கென்கிறது. எந்தப் பஸ்ஸிலும் எனக்கு ஜன்னலோரம் கிடைத்ததில்லை. அங்கே பாவாயிதான் உட்காருவாள். ஆனால் கட்டுச்சோற்றுப் போசியை, அந்த நசுங்கிய போசியைத்தான், என் மடியில் வைக்கிறாள்.

"தூக்கி எறிஞ்சவன் கையிலயே எதுக்குக் கண்ணு குடுக்கற?" என்று அக்கா ஒரு தடவை கேட்டாள்.

"ரெண்டு கையாலயும் புடிச்சுட்டு இருக்கட்டும் அண்ணி. கண்டக்டர் வந்தா மேல தூக்க முடியாதில்ல?"