பரலோகம் ஒழுகாது

என் திருமணத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை கல்வராயன் மலையில் நடந்ததை எங்கள் குடும்பத்தார் ஆளுக்கொரு விதமாகச் சொல்கின்றனர். ஒருவர் கதையில் என்மீது இடி விழுகிறது. மற்றொருவர் கதையில் மழையே இல்லை, நான்தான் அழுகிறேன். அன்றைக்குப் பிறந்தே இராத என் மருமகன்கூட நேரில் கண்டவனைப்போலக் கைகளை ஆட்டிக்காட்டிச் சொல்கிறான். ஆகவே ஒரு நெறி வகுத்துக்கொண்டேன். நானே கண்டதையும், என்மீது தனி அன்பு ஏதும் இல்லாத இருவராவது ஒப்புக்கொண்டதையும் மட்டுமே இங்கே எழுதுவேன். (அத்தகைய இருவரைத் தேடுவது கடினமாக இருக்கவில்லை.)

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் தமிழாசிரியன். புலவர் பட்டம் பெற்ற சூடு ஆறாத வயது. மூங்கில்துறைப்பட்டில் ஒரு சிறிய சபையின் மூப்பராக இருந்த தேவசகாயம் என்பவரின் மகள் சலோமியை எனக்குப் பேசியிருந்தனர். பெண்ணை ஒருமுறை பார்த்திருந்தேன். அதன்பிறகு வேறெதையும் கவனமாகப் பார்த்ததாக நினைவில்லை. பெண்ணின் தந்தை நகையைப் பற்றிப் பேசவில்லை, வேலையைப் பற்றியும் கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"பொண்ணு குடுக்கறதுக்கு முன்னால ஆளு இன்னா பேசறாருன்னு சபை கேக்கணும்ல தம்பி. ஆண்டவரு பரமேறுன நாளைக்கு மலைக்குப் போறோம். நீங்கதான் செய்தி குடுக்கறீங்க. அதுக்கப்புறம் தேதி வெச்சிக்கலாம்."

அச்சபையின் வழக்கத்தை இங்கே விளக்கவேண்டும். அவர்கள் கரும்பு விளையும் சமநிலத்து மக்கள். ஆண்டவர் ஒரு மலையிலிருந்துதான் விண்ணுக்கு ஏறினார் என்று வேதம் சொல்வதால், அந்த நாளை மலையில் கொண்டாடினால்தான் சரி என்பது அவர்கள் முடிவு. ஆலையில் அரவை முடிந்து டிராக்டர்கள் சும்மா நிற்கும் காலம் அது. கரும்பு ஏற்றும் டிரெய்லரில் சபை முழுவதும் ஏறி, வெள்ளிமலையைத் தாண்டிச் சாலையோரத்தில் இருக்கும் ஒரு பாறைக்குப் போகும். அங்கே எல்லாரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு பாடவேண்டும். பாட்டு முடியும்வரை தலையை இறக்கக் கூடாது. வீடு திரும்பியதும் கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள்.

இதைக் கேட்டதுமே எனக்கு உடம்பு எரிந்தது. உவமையை உவமையாகப் பார்க்கத் தெரியாதவர்களைக் கண்டால் அந்நாளில் எனக்கு அப்படித்தான் எரியும். (இந்நாளிலும் எரிகிறது.) பரலோகத்தில் பொன் வீதி என்று வேதம் சொன்னால் அது பொன்னால் போட்ட வீதியா? முத்து வாசல் என்றால், வாசல் அளவுக்கு முத்து விளைய எத்தனை பெரிய சிப்பி வேண்டும்? இவர்களுக்கு உண்மையை எடுத்துரைக்க என்னைவிடத் தகுந்தவன் யார்? திருமணமும் ஆயிற்று, தெளிவும் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டேன்.

மலைப்பாதை வளைவுகளில் டிராக்டர் திணறியபோது ஆண்கள் இறங்கி நடந்தோம். வெல்லப்பாகு வாடை மாறாத டிரெய்லரில் நானும் எறும்புகளும் நெருங்கிப் பழகியிருந்ததால் நடப்பதே நலமாக இருந்தது. சொற்பொழிவை மனப்பாடம் செய்து முணுமுணுத்தபடியே ஏறினேன். மூப்பர் அதை ஜெபம் என்று கருதி மற்றவர்களிடம் என்னைப் பெருமையாகச் சுட்டிக்காட்டினார்.

பாறைமேல் நின்று தொடங்கினேன். பரலோகம் என்பது ஓர் இடமன்று, உள்ளத்தில் இருக்கும் ஆன்மாவின் நிலை. மேல், கீழ் என்பவை மண்ணுக்கு உரியவை, இறைவனுக்கு அல்ல. ஆண்டவர் ஏறினார் என்பதற்கு மகிமை அடைந்தார் என்பதே பொருள். ஆகையால் பரலோகத்தை வானத்தில் தேடுவது பேதைமை. ஒவ்வொரு சொற்றொடரையும் செதுக்கி வைத்திருந்தேன். இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

வெயிலில் ஏறிவந்த ஒரு பெரியவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அப்ப இம்மாந்தூரம் எதுக்குப்பா ஏறி வந்தோம்?"

டிராக்டர் ஓட்டிவந்த முனுசாமி அச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். அவருக்கும் கவலை பிறந்துவிட்டது. "சார், எங்க சாமியும் மலை மேலதான் குந்திக்கினு இருக்காரு. அவரையும் சேத்து எறக்கிட்டீங்களா?"

நான் பொறுமையாக, மிகப் பொறுமையாக, மீண்டும் விளக்கினேன். அப்போதுதான் மூப்பரின் தங்கை ராகேல் எழுந்தார். கரும்பு வெட்டும் கூலியாளாக இருந்த அவருடைய கணவர் அவ்வாண்டுதான் காலமாகியிருந்தார்.

"தம்பி, அப்ப எங்க வூட்டுக்காரரு எங்க இருக்காரு?"

"இறைவனோடு ஒன்றிய நிலையில் இருக்கிறார், அம்மா."

"நெலயில எப்பிடிப்பா காலு நீட்டிப் படுக்கறது? எங்க கூரை மழைக்கு நிக்காது. ராத்திரி முச்சூடும் பானை வெச்சிக்கினு குந்தியிருப்பாரு மனுசன். அங்க ஆண்டவரு ஒழுகாத வூடு ஒண்ணு வெச்சிருக்காருன்னு சொல்லித்தான அனுப்பி வெச்சோம்?"

எனக்கு விடை தெரியும். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் வழிதான் தெரியவில்லை. மூப்பர் என்னைப் பார்க்காமல், "பாட்டு பாடலாம்" என்றார். அவர் குரலில் என் திருமணம் ஏறத்தாழ முறிந்திருந்தது.

பாட்டு தொடங்கியது. எங்கே பார்ப்பது என்று எவருக்கும் விளங்கவில்லை. பழக்கத்தால் அண்ணாந்தவர்கள் என்னைக் கண்டதும் தலையை இறக்கினர். சிலர் தரையைப் பார்த்தனர். பரலோகம் உள்ளத்தில் இருப்பதாக நான் சொல்லியிருந்ததால் ஒருவர் தம் சட்டைக்குள் குனிந்து பார்த்தார். (இதை உறுதிசெய்துகொண்டேன்.) மற்றவர்கள் என்னைப் பார்த்தனர்; அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

இரண்டாம் அடிக்குள் மேற்கே கறுத்தது. கோடை மழைக்கு மலையில் முன்னறிவிப்பு கிடையாது. தலைக்கு நேர்மேலே இடி இடித்தது.

நான் இரு கைகளையும் வானத்தை நோக்கி உயர்த்திக் கத்தினேன். உயர்த்தியது உறுதி. 'ஆண்டவரே' என்று கத்தினேனா, 'ஐயோ' என்று கத்தினேனா என்பதில் சாட்சிகள் வேறுபடுகின்றனர்.

கூட்டம் முழுவதும் டிரெய்லருக்கு ஓடிப் படுதாவை இழுத்துத் தலைக்குமேல் பிடித்தது. நான் மட்டும் கைகளை இறக்க மறந்து நின்றிருந்தேன். படுதாவுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. சலோமி என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

"மேல ஒண்ணுமில்லன்னீங்களே, அப்ப யாரப் பாத்துங்க கூப்ட்டீங்க? கைய எறக்கிட்டு உள்ள வாங்க!"

முனுசாமி சிரித்த சிரிப்பு மழையை மீறிக் கேட்டது.

உள்ளே எனக்குக் கிடைத்த இடம் ராகேல் அம்மாளுக்குப் பக்கத்தில். படுதா பல இடங்களில் ஒழுகியது. அவர் முந்தானையால் தம் தலையையும், கேளாமலே என் தலையையும் மூடினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கோவமா கேக்கல தம்பி. நீ படிச்சவன். அவருக்கு அங்க ஒழுகுமா, ஒழுகாதா? அத்த மட்டும் சொல்லு."

இவ்வளவு நேரான வினாவை எந்தத் தேர்விலும் நான் சந்தித்ததில்லை. பொய் சொல்வது எனக்கு இயலாது. எண்ணிப் பார்த்தேன். பரலோகம் வீடாக இருந்தால், இறைவன் கட்டிய வீடு ஒழுகாது. நிலையாக இருந்தால், நிலை என்பது ஒழுகவே முடியாது. எப்படிப் பொருள் கொண்டாலும் விடை ஒன்றுதான்.

"ஒழுகாது, அம்மா" என்றேன். "அங்கே நிச்சயமாக ஒழுகாது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிரெய்லரின் மறுகோடிக்குக் கேட்கும்படி கூவினார்.

"அண்ணா! வூடு இருக்குதாம்! மாப்ள சொல்லிட்டாரு!"

"நான் வீடு என்று சொல்லவில்லை. ஒழுகாது என்று மட்டுமே..."

"கூரை இல்லாம ஒழுகாதுன்னு எப்பிடிங்க சொல்லுவீங்க?" என்றாள் சலோமி.

"மலை ஏறுனதுக்குப் பலன் இருந்திச்சி," என்றார் மூப்பர். "தம்பிக்கு வெளிச்சம் வந்திடிச்சி." டிராக்டர் அடிவாரம் சேருமுன் தேதி குறித்துவிட்டார். ஒழுகும் படுதாவின் கீழே, அத்தனை பேரும் என்னை வாழ்த்திக்கொண்டிருக்கையில், நான் சொன்னதன் சரியான பொருளை விளக்க முயன்றேன். ஒருவரும் கேட்கவில்லை. சலோமி கேட்டாள், கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

மலைமேல் நான் மனந்திரும்பியதாகத்தான் இன்றும் அவ்வூரில் சொல்கிறார்கள். என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவே இல்லை என்று பலமுறை மறுத்துவிட்டேன், பயனில்லை. எங்கள் வீட்டில் இடி இடித்தால் எல்லாரும் முதலில் என் கைகளைப் பார்க்கின்றனர். மழைக்காலத்தில் எங்காவது சொட்டத் தொடங்கினால் சலோமி பாத்திரத்தை வைத்துவிட்டு, "அங்கதான் ஒழுகாது" என்பாள்.

ராகேல் அத்தை கடைசியாகப் படுத்திருந்தபோது என்னை அழைத்துவரச் சொன்னார். சென்றேன். "ஒழுகாதுல்ல?" என்றார். "ஒழுகாது, அத்தை" என்றேன். அப்போது விளக்கம் ஏதும் சேர்க்கவில்லை.

பரலோகம் இடமா, நிலையா என்பதில் என் முடிவு அன்று சொன்னதுதான். அத்தைக்கு அங்கே கிடைத்தது என்ன என்பது எனக்குத் தெரியாது. அன்று என் கைகள் ஏன் அந்தப் பக்கம் போயின என்பதும் தெரியாது.