சி டிரைவில் இடமில்லை

சி டிரைவில் இரண்டு எம்.பி. இடம்தான் மிச்சம் இருந்தது. மெயில் சர்வர் எழுந்திருக்கவே மறுத்தது.

அந்தச் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் பிளக் மாட்டிய எல்லாவற்றுக்கும் ஜெபசுந்தர்தான் பொறுப்பு. பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் அவன்தான், ஏ.சி.யில் தண்ணீர் சொட்டினாலும் அவன்தான். இன்று நாலு மணிக்குள் அவன் எடுத்துத் தர வேண்டியது ஒரே ஒரு மெயில்.

போன மாதம், 2004 ஜூலையில், சாத்தூர் பக்கம் இருந்த அவர்கள் யூனிட்டில் செட் என்கிற மருந்துக் கொட்டகை ஒன்று வெடித்துக் காளீஸ்வரன் என்பவன் செத்துப்போனான். அன்று அவன் வேலைக்கே வரவில்லை, சும்மா யாரையோ பார்க்க உள்ளே வந்தவன் என்றது கம்பெனி. மருந்து இடித்துக்கொண்டிருந்தார் என்றாள் அவன் மனைவி அய்யம்மாள். பக்கத்துச் செட்டில் வேலை பார்த்த மாரித்தாயும் அதையே சாட்சி சொல்லியிருந்தாள். வருகைப் பதிவேடும் யூனிட் கம்ப்யூட்டரும் எரிந்துபோயின. ஆனால் யூனிட் கிளார்க் தினமும் காலையில் வேலைக்கு வந்தவர்கள் பட்டியலைச் சிவகாசிக்கு மெயில் அனுப்பிவிடுவார். ஆபீசில் ஒருவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. அன்றைய பட்டியலும் சர்வரில் கிடந்தது.

அதைப் பார்க்கத்தான் விசாரணை அதிகாரி வந்து மேனேஜர் அறையில் உட்கார்ந்திருந்தார். வெளியே பெஞ்சில் அய்யம்மாள்.

"அந்த மெயில் வந்தே ஆகணும்ப்பா," என்றார் மேனேஜர் சோலைச்சாமி. "உண்மை வெளிய வரணும்ல?"

ஜெபசுந்தருக்கு மெய்சிலிர்த்தது. இந்த மனிதரைப் பற்றி இத்தனை நாள் நினைத்ததற்கெல்லாம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். நேராகப் போய் அய்யம்மாளிடமும் சொன்னான்.

"கவலைப்படாதீகக்கா. பட்டியல் எங்கிட்டதான் இருக்கு. இன்னைக்கு எடுத்துக் குடுத்துருவேன்."

அய்யம்மாளின் முகம் வெளிறியது. "கெடைக்கலேன்னா விட்ருங்க தம்பி."

"அதெப்படிக்கா விடுவேன்?"

பாவம், கேட்டுப் பெறக்கூடத் தெரியாத ஜனம் என்று நினைத்துக்கொண்டான்.

சீசன் நேரம். அச்சகத்துக்காரர்கள் லேபிள் படங்களை மெயிலில் அனுப்புவார்கள். வாயைத் திறந்த புலி முப்பது எம்.பி., மூடிய புலி முப்பது எம்.பி. மேனேஜர் ஒவ்வொரு புலியையும் ஆறு பேருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பார். அப்படித்தான் சி டிரைவ் நிரம்பியது. அதற்கு எட்டு ஜி.பி.யும், டி டிரைவுக்கு முப்பது ஜி.பி.யும் பிரித்துக் கொடுத்தவன் ஜெபசுந்தரேதான். கடுதாசி போடுவதற்கு எட்டு ஜி.பி.யே அதிகம் என்று அப்போது சிரித்தும் இருந்தான்.

மெயில் ஃபோல்டரில் லாக் என்ற பெயரில் அறுநூறு கோப்புகள் கிடந்தன. ஏதோ குப்பை என்று மொத்தமாக அழித்தான். மூன்று ஜி.பி. காலியானது. சர்வரை மறுபடி கிளப்பினான். அது அந்த அறுநூறு கோப்புகள் எங்கே என்று கேட்டது.

அதற்குப் பிறகுதான் சர்வரோடு வந்த புத்தகத்தைப் புரட்டினான். எக்காரணம் கொண்டும் லாக் கோப்புகளை அழிக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, வந்துருச்சா?"

"பழுது பாக்கணும் சார். அதுக்கு எடம் பத்தல."

"டி-ல எம்புட்டு எடம் கெடக்கு? அங்கன தூக்கிப் போட வேண்டியதுதானே?"

டி-யும் நிரம்பித்தான் இருந்தது. அதில் இருந்தவை இரண்டு. ஒன்று முதலாளி மகள் கல்யாண வீடியோ. இன்னொன்று மெயில்களின் பேக்கப். கல்யாணத்தில் கை வைத்தால் உத்தியோகம் போய்விடும். அசல்தான் சி-யில் இருக்கிறதே என்று பேக்கப்பை அழித்தான். தேடிய மெயில் அந்தப் பேக்கப்பிலேயே இருந்திருக்கும் என்பது அழித்து முடித்து அரை நிமிடம் கழித்து உறைத்தது. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

மெயில் பெட்டியை டி-க்கு நகர்த்தினான். பழுது பார்க்கும் வேலை ஆரம்பித்தது. பத்து சதவீதம். இருபது. அறுபதைத் தாண்டியபோது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்டது.

"என்ன சத்தம்?" என்றார் மேனேஜர்.

"டிஸ்க் சார். போகப் போகுது."

"சி போனாப் போகட்டும். நம்ம சரக்குதான் டி-ல இருக்கே?"

"ரெண்டும் ஒரே டிஸ்க்தான் சார். ஒரே செட்டு, நடுவுல ஒரு செங்கச் சுவரு மட்டும் வச்சிருக்கு."

"அப்ப ஒரு பக்கம் தீப்பிடிச்சா?"

"மறுபக்கமும் போயிரும் சார். நம்ம சாத்தூர்ல போன மாதிரி."

மேனேஜர் சட்டென்று கதவைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரிக்குக் கேட்கவில்லை. அய்யம்மாள்தான் கதவோரம் நின்றிருந்தாள்.

"போதும் தம்பி, அந்தப் பொட்டியப் போட்டு வருத்தாதீக," என்றாள்.

"கொஞ்சம் பொறுங்கக்கா. ஆண்டவரே, இந்த ஒரு தடவை..."

அறுபத்தெட்டு சதவீதத்தில் சத்தம் நின்றது. திரை நீலமானது. அணைத்துப் போட்டான், தட்டிப் பார்த்தான், மூடியைக் கழற்றி விசிறியால் காற்றும் அடித்தான். டிஸ்க் அசையவில்லை. மூடிய புலியும் திறந்த புலியும், கல்யாணமும், காளீஸ்வரனும் ஒன்றாகப் போய்விட்டார்கள்.

நாலு மணிக்கு அதிகாரி ஃபைலைக் கட்டினார். "பதிவேடும் இல்ல, மெயிலும் இல்ல. கம்பெனி எழுத்துல ஒண்ணும் காட்டல. சாட்சி சொன்னத வச்சு எழுதிர்றேன்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சாட்சி என்றால் மாரித்தாய் ஒருத்தி. கம்பெனியை எதிர்த்து அவள் பேச்சு எடுபடுமா என்று ஜெபசுந்தருக்கு நம்பிக்கை இல்லை. அதற்குள் மேனேஜர் கத்தத் தொடங்கியிருந்தார்.

"ஒரு மெயிலு! ஒத்த மெயிலு எடுக்கத் துப்பில்ல! நாளையில இருந்து இந்தப் பக்கம் வராத!"

ஜெபசுந்தர் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். சைக்கிள் நிறுத்துமிடத்தில் அய்யம்மாள் காத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மன்னிச்சிருங்கக்கா. ஒங்களுக்கு இருந்த ஒரே ஆதாரத்த நானே அழிச்சுட்டேன்."

அய்யம்மாள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அழாதீக தம்பி. அன்னைக்கு அவுக அண்ணன் முத்துக்கருப்பனுக்குக் காய்ச்சலு. வேலை போயிரக் கூடாதுன்னு, அண்ணன் பேரைக் குடுத்துட்டுல்ல இவரு உள்ள போனாரு. அந்தப் பட்டியலு மட்டும் கெடச்சிருந்தா, எம் புருசன் அன்னைக்கு வேலைக்கே வரலைன்னுல்ல ஆகியிருக்கும்."