என் கணவர் சாகவில்லை, பந்தும் உள்ளே போகவில்லை

போத்தனூர்,
புதன்கிழமை.

பெருமதிப்பிற்குரிய 'நொய்யல் முரசு' ஆசிரியர் அவர்களுக்கு,

போத்தனூர் அமலி பிரகாசம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். நீங்களும் உங்கள் அலுவலகத்தாரும் நலமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். என் கணவர் பிரகாசமும் நலம். இந்தக் கடைசி வாக்கியத்தை உங்கள் விளையாட்டுப் பகுதிக்காரர்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பதினோராம் பக்கத்தில் 'அந்தநாள் ஆட்டங்கள்' என்ற தலைப்பில் இப்படிப் போட்டிருந்தீர்கள்: "1986இல் நடந்த தங்கவேலு நினைவுக் கோப்பை இறுதி ஆட்டத்தில், சிட்டி ராயல்ஸ் வீரர் பாலுசாமி உதைத்த பந்து, போத்தனூர் நீலச்சட்டை அணியின் கோல்கீப்பர் மறைந்த பிரகாசத்தின் கால்களுக்கிடையே புகுந்து வலையை முத்தமிட்டது." ஐயா, நான் முப்பத்தைந்து வருடம் ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்தவள். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் பயணியை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று அறிந்தவள். நீங்களோ ஒரே வாக்கியத்தில் வருடத்தை மாற்றி, பந்தின் வழியை மாற்றி, ஓர் ஆளையே மேலே அனுப்பிவிட்டீர்கள். ஆட்டம் நடந்தது 1983. பந்து போன வழியைப் பிறகு சொல்கிறேன். மறைந்த பிரகாசம் நான் அதைப் படித்த நேரத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து, சட்னி இன்னும் ஒரு கரண்டி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் போட்டதில் சரியாக இருந்தது அவருடைய புகைப்படம் ஒன்றுதான். வந்த வினையெல்லாம் அதனால்தான் வந்தது.

பேப்பரை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார். மடித்து வைத்தார்.

"செத்துப்போயிட்டேன்னு போட்டதுகூடப் பரவால்ல அம்மணி. காலுக்கு நடுவுல பந்த உட்டுட்டேன்னு போட்டிருக்கானுங்க பாரு" என்றார். அந்த இட்லியை அவர் முடிக்கவில்லை.

உங்கள் பத்திரிகை ராயல்ஸ் பக்கம் சாய்வது போத்தனூரில் எங்களுக்குப் புதிதல்ல. ராயல்ஸ் ஜெயித்தால் 'ராயல்ஸ் கர்ஜனை' என்பீர்கள். நீலச்சட்டை ஜெயித்தால் 'ராயல்ஸ் நூலிழையில் கோட்டைவிட்டது' என்பீர்கள். ஒரு முறை நாங்கள் நான்குக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். மறுநாள் தலைப்பு: 'மழையிலும் தளராத ராயல்ஸ்'. அன்றைக்கு மழையே பெய்யவில்லை. டீக்கடையில் அந்தச் செய்தியை வாசித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் கத்துவார்கள், இனி இந்தப் பேப்பரே வேண்டாம் என்று சபதம் எடுப்பார்கள், அடுத்த நாள் காலையில் அதே பேப்பருக்காக அதே பெஞ்சில் காத்திருப்பார்கள். நானும் அப்படித்தான்.

ஆனால் ஒரு காலத்தில் உங்கள் பத்திரிகை அப்படி இல்லை. அதைச் சொல்லாவிட்டால் நானும் ஒரு பக்கம் சாய்ந்தவளாகிவிடுவேன். அப்போது சுந்தரராஜுலு என்று ஒரு நிருபர் இருந்தார். மேட்டுக்கு மேடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போத்தனூர் மைதானத்துக்கு வருவார். இடைவேளையில் பிள்ளைகள் எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவரிடமும் குனிந்து, "இனிஷியல் என்னங்க கண்ணு?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். அவரும் ராயல்ஸ் ஆதரவாளர்தான், ஊருக்கே தெரியும். ஆனால் எழுதும்போது அந்தச் சாய்மானத்தைச் சைக்கிளோடு வெளியே நிறுத்திவிட்டு வருவார். எங்கள் சட்டைகள் அப்போது கடையில் வாங்கியவை அல்ல. வெள்ளை பனியனைச் சொட்டு நீலத்தில் முக்கிக் காயவைத்தவை. மழை பெய்தால் இரண்டாம் பாதியில் எல்லார் கழுத்தும் நீலமாகிவிடும். மைதானத்தை ஒட்டித் தண்டவாளம். கூட்ஸ் வண்டி டிரைவர்கள் ஆட்டத்தைப் பார்த்தால் வேகத்தைக் குறைப்பார்கள். கோல் விழுந்தால் எஞ்சின் கூவும். நான் தோழிகளோடு மதில்மேல் உட்கார்ந்திருப்பேன், கோல் கம்பத்துக்கு நேராக. எதற்கு அந்த இடம் என்று நீங்கள் கேட்கக் கூடாது, நானும் சொல்லமாட்டேன்.

எனவே 1983இல் பாலுசாமி உதைத்த பந்து எங்கே போனது என்பதை என்னைவிட நேராகப் பார்த்தவர்கள் கிடையாது. அது கம்பத்துக்கு வெளியே போனது. பக்க வலையில் ஒரு பூசணிக்காய் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியாக உள்ளே வந்து விழுந்தது. என் கணவர் கையைத் தூக்கிக்கொண்டு நடுவரிடம் ஓடினார், அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி தடதடவென்று போனது, அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை, நடுவர் விசிலை ஊதிவிட்டார், கோப்பை போய்விட்டது. மறுநாள் சுந்தரராஜுலு எழுதினார்: "பந்து கம்பத்துக்கு வெளியே சென்றதாகவே எனக்குத் தெரிந்தது. நடுவர் கோல் என்றார். என் கண்ணின் பிழையாகவும் இருக்கலாம்." ஐயா, அந்தப் பத்திரிகை நறுக்கு இன்றும் என்னிடம் இருக்கிறது. அப்படி எழுதுகிற ஒரு கை உங்களிடம் இப்போது இருக்கிறதா?

ஞாயிறன்றே என் கணவர் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஒரு பெண் எடுத்தது.

"யாருங்க பேசறது?"

"போத்தனூர் பிரகாசமுங்க."

"எந்தப் பிரகாசமுங்க?"

"இன்னிக்கு உங்க பேப்பர்ல செத்துப்போன பிரகாசம்."

"இரங்கல் விளம்பரம் ரெண்டாவது மாடிங்க சார். லைன் போடறேன்."

இரண்டாவது மாடியில் இருந்தவர், படத்தில் சிரித்த முகம் வேண்டுமா, சாதாரண முகம் போதுமா என்று கேட்டார். ஒருவழியாக விளையாட்டுப் பகுதிக்கு லைன் கிடைத்தது. அங்கே இருந்தவர், பழைய ஃபைலைப் பார்த்துத்தான் போட்டோம், எதற்கும் உயிரோடு இருப்பதற்கு ஒரு சான்றிதழ் அனுப்பிவையுங்கள் என்றார். "பென்சனுக்கு வருசத்துக்கு ஒருக்கா நிரூபிக்கறேன். பேப்பருக்கு வேற தனியா நிரூபிக்கோணுமா?" என்று கேட்டுவிட்டு இவர் போனை வைத்துவிட்டார்.

பத்து மணித் திருப்பலிக்குப் போனோம். மன்றாட்டு வேளையில், அண்மையில் நம்மை விட்டுப் பிரிந்த சகோதரர் பிரகாசத்தின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று, காலையிலேயே பேப்பர் பார்த்திருந்த உபதேசியார் வாசித்தார். மூன்றாவது பெஞ்சில் இருந்த இவர், பழக்கதோஷத்தில், "ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். பின்பெஞ்சில் ஒரு அம்மாள் மயங்கி விழுந்தார்கள்.

திங்கட்கிழமை யாகூப் வந்தார். நீலச்சட்டையின் இடது பக்கத் தடுப்பாளர், இப்போது உக்கடத்தில் இருக்கிறார். சாவு வீட்டில் அடுப்பு எரியாதே என்று ஒரு பெரிய தூக்குப்போசி நிறையச் சோறும் குழம்பும் கொண்டுவந்திருந்தார். கதவைத் திறந்தது செத்தவர். யாகூப் அவர் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார், பிறகு அறைந்தார், பிறகு கட்டிக்கொண்டு அழுதார். அந்தச் சோற்றை இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். சாயங்காலம் பவானியிலிருந்து வலது ஓரத்தில் ஆடிய ரூபன் வந்தார். அவருக்கும் அதே கதை. பதினேழு வருடமாக இந்த மூன்று பேரும் ஓர் இடத்தில் உட்கார்ந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் ஆசிரியர் அவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது. காலையில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, கையில் சம்பங்கி மாலை. இறங்கியவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கிணத்துக்கடவு பாலுசாமி. நாற்பத்திரண்டு வருடமாக என் கணவர் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடாத ஆள். வழியில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போவார்கள். இவர் பின்பக்கம் குழாயடியில் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பாலுசாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"அம்மணி, பொறுத்துக்கோணுங்க. அந்தப் பந்து வெளிய போனதுங்க. ஓட்டை வழியாத்தான் உள்ள வந்துச்சு. எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. பிரகாசத்துகிட்ட ஒருக்கா சொல்லிப்போடோணும்னு வருசா வருசம் நெனைப்பேன். இப்ப அவனும் போயிட்டான்."

"எங்கயும் போகல. இப்பச் சொல்லு" என்று என் பின்னாலிருந்து குரல் வந்தது.

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு இவர் நின்றார். பாலுசாமி அலறிய அலறலில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டதாகச் சொன்னார்கள். மாலை கீழே விழுந்தது. மூச்சு வந்ததும் பாலுசாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ செத்துப்போனேன்னு நம்பித்தானய்யா சொன்னேன்! உசுரோட இருக்கறவன்கிட்ட இதையெல்லாம் சொல்லுவாங்களா?"

"அப்பவே நடுவர்கிட்ட ஏன் சொல்லல?"

பாலுசாமி கேட்டின் மேலேயே சாய்ந்து நின்றார். "எங்கய்யன் வந்திருந்தாரு பிரகாசம். பந்தாடறேன்னு என்னைய ஊட்டுல சேத்தாமக் கெடந்த மனுசன். மொத மொறையா வந்து கோல் கம்பத்துக்குப் பின்னால நின்னாரு. பந்து உள்ள உழுந்ததும் துண்டத் தூக்கிச் சுத்துனாரு. அவரு சிரிச்சு நான் அதுக்கு முன்ன பாத்ததே இல்ல. எப்படிச் சொல்றது?"

என் கணவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நுரையைத் துடைத்தார். பாதி மீசை இருந்தது, பாதி இல்லை. "உள்ள வா, காப்பி குடிக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அதன்பின் யாகூபுக்குப் போன் போனது. அவர் வந்துவிட்டார். சாயங்காலம்வரை கூடத்தில் ஸ்பூன்களை வைத்து அந்த ஆட்டத்தை முதலிலிருந்து ஆடினார்கள். உப்புக் கிண்ணம் நடுவர். என் பாத்திரம் எல்லாம் மைதானத்தில் இருந்ததால் சமையலுக்கு ஒரு கரண்டி கிடைக்கவில்லை. ஒவ்வொரு கோலுக்கும் எஞ்சின் மாதிரி கூவினார்கள். அறுபத்தாறு வயது மனிதர் சோபாவின்மேல் பாய்ந்து பந்து பிடித்துக் காட்டினார். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மதில்மேல் உட்கார்ந்திருந்தது போலத்தான் இருந்தது.

ஆகவே, ஐயா, கோல் அடித்தவரே சாட்சி சொல்லிவிட்டார். இனி உங்களுக்குத் தப்பிக்க வழியில்லை. என் கணவர் உயிரோடு இருக்கிறார் என்றும், ஆட்டம் நடந்தது 1983இல் என்றும், பந்து அவருடைய கால்களுக்கிடையே போகவில்லை, ஓட்டை வலை வழியாக வந்தது என்றும், ஆகையால் அந்தக் கோப்பை நீலச்சட்டைக்கு உரியது என்றும், வருகிற ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். இல்லையென்றால் நாற்பது வருடமாக வாங்கும் பேப்பரை நிறுத்துவேன். இந்த முறை நிஜமாகவே நிறுத்துவேன்.

உங்களுக்கும் வீட்டில் உள்ளோர்க்கும் இறைவன் நல்ல சுகத்தையும், உங்கள் விளையாட்டுப் பகுதிக்கு நல்ல கண்பார்வையையும் அருளட்டும்.

இப்படிக்கு,
அமலி பிரகாசம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது இவர் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டார். கோல் விஷயத்தை எடுத்துவிடச் சொல்கிறார். "அவங்கய்யன் துண்டச் சுத்துன கோலு, அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும். காலுக்கு நடுவுல போனதாவே இருக்கட்டும்" என்கிறார். சாவையும் இப்போதைக்கு மறுக்க வேண்டாமாம். நீலச்சட்டையில் இரண்டு பேர் உண்மையாகவே போய்விட்டார்கள், இன்னும் ஆறு பேர் வர வேண்டியிருக்கிறது. "கலியாணம் காச்சின்னு கூப்புட்டா ஒருத்தனும் வரமாட்டேங்கறான். சாவுன்னாத்தான் வாரானுங்க" என்று சொல்லிவிட்டு, புதிதாகச் சவரம் செய்துகொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். எனவே மேலே நான் எழுதிய எதையும் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். இன்னொன்று. எங்கள் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் ஆனைமலையில் இருக்கிறார். அவர் ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. முடிந்தால் அதே செய்தியை இந்த வாரம் இன்னொரு முறை போடவும். படம் மட்டும் கொஞ்சம் பெரிதாக.