வியட்நாமில் எனக்குக் கட்டிய பரிவட்டம்

வெளிநாட்டுக்குப் போய்விட்டு வந்தால் மனிதனுக்கு அறிவு வளரும் என்கிறார்கள். எனக்கு வந்தது தீட்டு. இந்தக் கதையை நானே சொல்லிவிடுவது உத்தமம். என் வீட்டார் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

மதுரை சிம்மக்கல்லில் எனக்குப் பெயிண்ட் கடை. நிறைய விற்றுக் கொடுத்தால் கம்பெனிக்காரர்கள் டீலர்களை மனைவியோடு வெளிநாடு கூட்டிப் போவார்கள். அந்த வருஷம் பாங்காக், ஹனோய், சைகோன் என்று மூன்று ஊர். கூடவே ஒரு சமையல் மாஸ்டர். பாங்காக்கில் புத்தர் கோயிலைப் பார்க்க பஸ்ஸை விட்டு இறங்காத ஜென்மங்கள், சாம்பார் வாளியைக் கண்டதும் குதித்து ஓடினார்கள். ஹனோய் ஏரியைப் பார்த்து, "நம்ம தெப்பக்குளத்துல பாதி கூட இல்லயேண்ணே" என்று ஒருவர் கொட்டாவி விட்டார். இவர்களுக்கெல்லாம் எதற்குப் பாஸ்போர்ட்?

நான் அப்படியா? உள்ளூர்ச் சாப்பாடுதான் சாப்பிடுவேன் என்று சபதமே போட்டிருந்தேன். பாங்காக்கில் வறுத்த வெட்டுக்கிளியை வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் வழிய, "பிரமாதம்" என்றேன். ஹனோயில் முட்டை அடித்து ஊற்றிய காப்பி குடித்தேன். (அது நிஜமாகவே நன்றாக இருந்தது. அதை மட்டும் யாரும் நம்பவில்லை.) எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

இத்தனையும் பாண்டி பார்ப்பதற்காக. பாண்டி என் சித்தப்பா மகன், கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் சொந்த ஊரிலேயே இருப்பவன். வருஷா வருஷம் கோயில் திருவிழாவில், எங்கள் பங்காளிகளில் ஒருவருக்குப் பூசாரி சாமி துணியைத் தலையில் சுற்றிப் பரிவட்டம் கட்டுவார். மூத்தவன் நான்தான். ஆனால், "டவுன்காரனுக்கு எதுக்கு?" என்று பாண்டிக்கே கட்டிவிடுவார்கள். அந்தத் துணியோடு அவன் பல்லைக் காட்டுகிற போட்டோ குழுவில் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அடுத்த வருஷமாவது எனக்குக் கட்டலாம் என்று அப்போதுதான் ஊரில் லேசாகப் பேச்சு கிளம்பியிருந்தது.

சைகோனில் ஒரு காலை. எங்கள் டூர் கோஷ்டி ஓட்டலில் இட்லியை அமுக்கிக்கொண்டிருந்தது. நான் என் மனைவி செல்வியை இழுத்துக்கொண்டு ஒரு சந்துக்குள் போனேன். அங்கே பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, மேளச் சத்தம். வாசலில் பூ அலங்காரத்தோடு ஒரு பெரியவரின் பெரிய போட்டோ. யாளி மாதிரி ஏதோ செதுக்கித் தங்க நிறம் அடித்த நீள வண்டி. மதுரைக்காரனுக்கு வேறென்ன தோன்றும்? சப்பரம்! திருவிழா! போட்டோ எதற்கு என்று நான் யோசிக்கவே இல்லை. காதுகுத்துக்கே தாய்மாமன் முகத்தை மாடி உயரத்துக்குப் பேனர் வைக்கிற ஊரிலிருந்து போனவன்.

"ஏங்க, ஒருத்தர் கூடச் சிரிக்கலையே?" என்றாள் செல்வி.

"பக்தி, செல்வி. ஒனக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது?"

ஒரு மேசையில் போய் உட்கார்ந்தேன். யாரும் தடுக்கவில்லை. நூடுல்ஸ், காளான், கீரை எல்லாம் வந்தன. சுத்த சைவம். அன்னதானமேதான்! இரண்டாவது கிண்ணமும் வாங்கினேன்.

"இம்புட்டுத் திங்காதீங்க, மானம் போகுது."

அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஒரு முதியவர், வரிசையில் நின்றவர்கள் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார். பரிவட்டம்! கொட்டாம்பட்டி கொடுக்காததை சைகோன் கொடுக்கிறது! ஓடிப் போய் வரிசையில் நின்று தலையைக் குனிந்தேன். முதியவர் தயங்கினார். அவர் மொழியில் மெதுவாக ஏதோ கேட்டார். பெரிய மனிதர் கேட்கும்போது இல்லை என்று சொல்லலாமா? "யெஸ், யெஸ்" என்று பலமாகத் தலையாட்டினேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் கன்னத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு இறுக்கிக் கட்டினார்.

செல்வி எடுத்த போட்டோவை, 'வியட்நாமிலும் நமக்குப் பரிவட்டம்!' என்று எழுதிக் குழுவில் போட்டேன். உடனே பாண்டியின் குரல் பதிவு வந்தது. "அண்ணே, போட்டோவப் பெருசாக்கிப் பாத்தேன். ஒங்களுக்குப் பின்னாடி ஒரு பெட்டி இருக்கே, அது என்னண்ணே?"

திரும்பிப் பார்த்தேன். சவப்பெட்டி.

அதை என் சப்பரத்தில்தான் ஏற்றினார்கள். துணியை அவிழ்க்கக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெண் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்பா போயிருக்கிறார். உதறிவிட்டு ஓட எனக்கு மனசு வரவில்லை, தைரியமும் வரவில்லை. தெருமுனை வரை அவளோடு நடந்தேன். பாதி வழி போனதும், என்றோ செத்துப்போன என் அப்பா ஞாபகம் வந்து நானும் அழுதுவிட்டேன். (பின்னால் வந்த செல்வி, "போதும், ரொம்ப நடிக்காதீங்க" என்றாள்.)

எங்களைத் தேடி வந்த வழிகாட்டிப் பெண் விசாரித்துச் சொன்னாள். இறந்தவர் அந்த முதியவரின் அண்ணன். கப்பலில் வேலை பார்த்துப் பல நாடு சுற்றியவர். போன இடத்தில் யாரையாவது பிள்ளை மாதிரி வளர்த்திருப்பார் என்று நினைத்து, "நீ அவருக்கு மகன் மாதிரியா?" என்று முதியவர் என்னிடம் கேட்டிருக்கிறார். நான் யெஸ் என்றிருக்கிறேன். துக்க வீட்டில் குடும்பத்தார் கட்டுகிற துணி அது.

திருவிழாவுக்கு முன் ஊர்க் கூட்டம் போட்டார்கள். அதற்குள் முழுக் கதையும் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. பாண்டி எழுந்தான்.

"நம்ம அண்ணன், செத்தவருக்கு மகனா நின்னு எழவுத் துணி கட்டியிருக்காரு. ஒரு வருசத்துக்குத் தீட்டு. கோயிலுக்குள்ள வரப்படாது."

கூட்டமே சிரித்தது. பெரியவர்களும் ஆமாம் போட்டார்கள். இத்தனை வருஷம் காத்திருந்த பரிவட்டம் கண்ணெதிரே போகிறது. எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"சரிப்பா. அவரு எனக்கு அப்பான்னா ஒனக்கு யாரு? பெரியப்பாதான? பங்காளி வீட்டுச் சாவு. எனக்குத் தீட்டுன்னா ஒனக்கும் தீட்டுதான்!"

சிரிப்பு நின்றது. பூசாரி தாடையைச் சொறிந்துகொண்டே, "முறைப்படி பாத்தா அவரு சொல்றது சரிதானப்பா" என்றார். பங்காளிகள் ஒருத்தரும் அந்த வருஷம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. பரிவட்டத்தை உள்ளூர் மாமன் மச்சான் வகையறாவில் ஒருத்தனுக்குக் கட்டினார்கள். வேறு யார், செல்வியின் தம்பிதான். அவள் நாலு பக்கமும் சுற்றி நின்று போட்டோ எடுத்தாள்.

இன்றைக்கும் பாண்டி போனில், "வியட்நாம் பெரியப்பாவுக்குப் படையல் போட்டீங்களாண்ணே?" என்று கேட்கிறான். போடாமல் என்ன? உப்பைத் தின்றிருக்கிறேனே. போன ஆடி அமாவாசைக்கு எங்கள் திருநகர் வீட்டு மொட்டை மாடியில், அப்பாவுக்கு வைத்த சாம்பார் சாதத்துக்குப் பக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் நூடுல்ஸும் வைத்துக் கும்பிட்டேன். காக்கை வந்தது. நூடுல்ஸை ஒரு கொத்து கொத்தி உதறிவிட்டு நேராகச் சாம்பாருக்குப் போனது.

"பாருங்க," என்றாள் செல்வி. "ஒங்க டூர் கோஷ்டில ஒண்ணு வந்திருக்கு."