ஏரியல் மாட்டப் போன கதை

இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கியவர்கள் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுக்கக் கூடாது. நானும் முதல் வகுப்பு வாங்கியவள்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். எங்களுக்கு ரேடியோ அலை காற்றில் எப்படி வருகிறது என்று தெரியும். ஒரு நட்டை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்பது மட்டும் தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்யாணமாகி ராயபுரம் (மதராஸ் ராயபுரம் இல்லை, பனியன் ஊர் ராயபுரம்) வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே மாமனாரின் பனியன் கம்பெனி, வாசலில் அவருடைய வெள்ளை அம்பாசிடர். கல்யாணத்தன்று அதில் ஏறி உட்கார்ந்தபோதே, ஒரு நாள் இதை நான் ஓட்டியே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். (மாப்பிள்ளையைக்கூட அப்புறம்தான் சரியாகப் பார்த்தேன்.) மாமாவிடம் கேட்கும்போதெல்லாம், "அதெல்லாம் உனக்கெதுக்கு அம்மிணி, எங்க போகோணும்னு சொல்லு, நா கூட்டிப் போறேன்" என்று சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான், நூல் மூட்டை இறக்க வந்த டெம்போ காரின் ரேடியோ ஏரியலை உரசி முறித்துவிட்டுப் போனது. மாமா அந்த இடத்தில் ஒரு குடைக்கம்பியைச் செருகி வைத்தார். அதன்பின் எந்த ஸ்டேஷனைத் திருப்பினாலும் எண்ணெயில் பலகாரம் பொரிகிற சத்தம்தான். இதில் நொந்துபோனவர் அத்தை, என் மாமியார். ரேடியோ பாடாவிட்டால் காரில் மாமா பேசுவார். நூல் விலையைப் பற்றி மட்டுமே பேசுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மடத்துக்குளத்தில் மாமியாரின் தம்பி வீட்டில் ஒரு சீர். என் கணவர் ஆர்டர் விஷயமாக மதராஸ் போயிருந்ததால் நாங்கள் மூன்று பேர் மட்டும் போவதாக ஏற்பாடு. சாப்பிடும்போது அத்தை மெல்ல ஆரம்பித்தார்.

"ஏனுங்க, மடத்துக்குளம் போற வரைக்கும் நூல் விலையக் கேட்டுட்டு என்னால வர முடியாதுங்க. அந்த ரேடியோவ என்னன்னு பாருங்க."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஏரியல் வாங்கிக் குடுங்க மாமா, நானே மாட்டீர்றனுங்க. காலேஜுல படிச்சதுதானுங்க" என்றேன். (காலேஜில் ஏரியலைக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்ததோடு சரி.)

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி அம்மிணி. மாட்டு. மடத்துக்குளம் போய்ச் சேர்ற வரைக்கும் ரேடியோ நிக்காம பாடட்டும். திங்கக்கிழமையே ஸ்டியரிங்க உன்ற கையில குடுத்தர்றேன்."

சனிக்கிழமை வேலையைத் தொடங்கினேன். பழைய ஏரியலைக் கழற்றவே மத்தியானம் ஆகிவிட்டது. நட்டை எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் அதன் ஒயர். மட்கார்டில் உள்ள ஓட்டை வழியாக இறங்கி, கை நுழையாத இருட்டில் வளைந்து நெளிந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் ரேடியோவில் போய்ச் சேருகிறது. புது ஒயரும் அதே வழியில் போயாக வேண்டும்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பழைய ஒயரின் ரேடியோ பக்கத்து முனையில் ஒரு நீளமான துணியைக் கட்டிவிட்டு, ஒயரை மேலே இருந்து உருவினால், துணி அதே வழியில் பின்னாலேயே வந்துவிடும். பிறகு அந்தத் துணியில் புது ஒயரைக் கட்டி உள்ளே இழுத்துக்கொள்ளலாம். இன்றைக்கும் சொல்கிறேன், யோசனையில் தப்பே இல்லை. கயிறு எடுத்திருக்க வேண்டும். பனியன் கம்பெனி வீட்டில் கயிற்றை யார் தேடுவார்கள்? கட்டிங் மேஜைக்கடியில் கிடந்த பனியன் துணியில் ஒரு பட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தேன்.

பழைய ஒயரை உருவியாயிற்று. புது ஒயரைத் துணியில் கட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து இழுத்தேன். துணி வந்தது, ஒயர் வரவில்லை. மேலும் இழுத்தேன், மேலும் துணி வந்தது. முழ நீளத்துக்குக் கட்டியது புடவை நீளத்துக்கு வந்துகொண்டே இருந்தது. கடைசியில் காலை டேஷ்போர்டில் முட்டுக்கொடுத்து இழுத்ததும் ஒயர் வெடுக்கென்று வந்தது. ரேடியோவில் சொருகினேன். பாட்டு கணீரென்று கேட்டது. கம்பெனியில் பாதிப் பேர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார்கள். நான் மகாராணி மாதிரி ஒரு பார்வை பார்த்தேன்.

ஒரே ஒரு சின்ன விஷயம். ஒயரில் இருந்த முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. இழுபட்டுக் கயிறாகத் திரண்டு கிடந்த துணியை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் சுருட்டி டேஷ்போர்டுக்குப் பின்னால் திணித்துவிட்டேன். உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது?

மறுநாள் கிளம்பினோம். பல்லடம் வரை பாட்டு, உடுமலை வரை பாட்டு. அத்தை தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். மாமா, நூல் விலை நெஞ்சில் முட்டிக்கொண்டு நிற்க, வாயைத் திறக்க வழியில்லாமல் ஓட்டினார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து மனசுக்குள் கியர் போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன்.

உடுமலை தாண்டியதும் மழை பிடித்தது. மாமா வைப்பரைப் போட்டார். அது இரண்டு தடவை ஆடியது. மூன்றாவது தடவை டேஷ்போர்டுக்குள் கரக்கென்று ஒரு சத்தம். வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது. அதே நொடியில் பாட்டும் நின்றது.

வண்டியை ஓரங்கட்டிவிட்டு மாமா குனிந்து கையை விட்டார். நான் திணித்த துணி வைப்பரை ஆட்டுகிற கம்பியில் நன்றாகச் சுற்றிக்கொண்டு, தன்னோடு ஏரியல் ஒயரையும் ரேடியோவிலிருந்து பிடுங்கியிருந்தது. ஒரு முனையைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அகலவாக்குல கிழிச்சிருக்கற அம்மிணி" என்றார் உண்மையான வருத்தத்தோடு. "இழுவாம என்ன பண்ணும்? நீளவாக்குல வெட்டோணும். நம்மூட்டுத் துணி இது, இதுகூடத் தெரியலீன்னா எப்படி?"

துணியை அறுத்தெடுத்த பிறகும் வைப்பர் ஓடவில்லை. மழை விடுவதாயில்லை, சீருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வழி சொன்னவர் அத்தை. "மோர் கடையற மாதிரி ரெண்டு பக்கமும் கட்டி இழுத்தா போச்சு." டிக்கியில் மாமாவின் சாம்பிள் துணி இருந்தது. மாமாவே அதை நீளவாக்கில் வெட்டி இரண்டு வைப்பரிலும் கட்டினார். இடது பக்க முனை முன்சீட்டு ஜன்னல் வழியாக அத்தை கைக்கு, வலது பக்க முனை பின்ஜன்னல் வழியாக என் கைக்கு.

அத்தை இழுக்க, நான் விட, நான் இழுக்க, அத்தை விட, அம்பாசிடர் மடத்துக்குளம் நோக்கி ஊர்ந்தது. என்னதான் நீளவாக்கில் வெட்டினாலும் பனியன் துணி பனியன் துணிதான். இழுத்து ஒரு மூச்சு விட்ட பிறகுதான் வைப்பர் நகரும். "இப்ப இழு, இப்ப உடு" என்று அத்தை போட்ட சத்தத்தில் எதிரே வந்த பஸ்ஸே ஒதுங்கி வழிவிட்டது. எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கையில் வழிந்த தண்ணீர் ரவிக்கைக்குள் இறங்கியது. சீர் வீட்டு வாசலில், பட்டுப்புடவையில் பாதி நனைந்து, ஜன்னல்களுக்கு வெளியே துணியைப் பிடித்தபடி நாங்கள் வந்து நின்ற கோலத்தைப் பார்க்க மொத்த உறவும் எழுந்து வந்தது.

திரும்பும்போதும் தூறல் இருந்தது. மாமா சாவியை ஆட்டிக்கொண்டே, "பந்தயம் பந்தயந்தான் அம்மிணி. ரேடியோ மடத்துக்குளம் வந்து சேரலியே" என்றார்.

அத்தை காரில் ஏறாமல் நின்றார். "எனக்குக் கை வலிக்குதுங்க. இந்தப் பக்கம் நீங்க உக்கோந்து இழுங்க. புள்ள ஓட்டட்டும்."

"அவளுக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

"கத்துக் குடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமுல்லங்க."

நாங்கள் பழையபடி துணியைப் பிடிக்க, மாமாவே ஓட்டினார். பல்லடம் வரைக்கும் நூல் விலையைக்கூடப் பேசவில்லை. திங்கட்கிழமை காலை என் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் கார் சாவி இருந்தது.

இப்போது என் காரில் ஏரியல் கூரை மேல் ஒரு விரல் நீளம்தான். மழை விழுந்தால் வைப்பர் தானே ஓடும். அந்தக் காரை எடுத்து வந்த அன்று, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும், எண்பதைத் தாண்டிய அத்தை முன்கதவைத் திறந்து, டேஷ்போர்டு பெட்டிக்குள் மடித்த ஒரு வெள்ளை பனியன் துணிப் பட்டையை வைத்தார். வீடே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"நீளவாக்குல வெட்டுனதுதான் அம்மிணி" என்றார்.