ஆறு சிப்புக்கும் ஒரே கட்டளை

ஒரு தப்பை முதல்முறை செய்யத்தான் உழைப்பு வேண்டும். லினக்ஸில் அதைத் திரும்பச் செய்ய மேல் அம்பு விசையைத் தட்டினால் போதும். முன்பு அடித்த கட்டளை எழுத்துப் பிசகாமல் வந்து நிற்கும். இந்த வசதியால் மஸ்கட்டைத் தொலைத்தவன் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள். ஆறுதலாக இருக்கும்.)

அப்போது பாதி ஊர் வளைகுடாவில் இருந்தது. மீதி பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்தது. எனக்கு முப்பத்தெட்டு வயது. பூதலூரிலிருந்து தினமும் ரயிலேறி, சம்பளத்தை மறந்துவிட்ட ஒரு பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பித்துவந்தேன். மஸ்கட்டில் பம்புசெட் கன்ட்ரோல் பெட்டி செய்யும் முத்துப்பேட்டை பாய் ஒருவர் லீவில் வந்திருந்தார். அவருக்கு ஓர் ஆள் வேண்டும். என் மைத்துனன் சேகர் பேசிவைத்தான். இதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

என் கருவி எளியது: போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும். அதற்கு மூளை ஒரு சிப். கம்ப்யூட்டரில் எழுதிய புரோகிராமை ஒரு வரிக் கட்டளையால் சிப்புக்குள் ஏற்ற வேண்டும். பாய் கண்ணெதிரே ஏற்றிக் காட்டுவதாகத் திட்டம். வீட்டிலிருந்த பழைய போர்டு அசிங்கமாக இருந்ததால் புதிதாக ஒன்று செய்தேன். முடிந்தவரை குறைவான சாமான்கள். பெண் பார்க்கப் போகும் லட்சணம்.

பஸ்ஸில் சி.பி.யு. என் மடியில், மானிட்டர் சேகர் மடியில். (கண்டக்டர் மானிட்டருக்கு லக்கேஜ் போட்டார். சேகருக்கும் போட்டிருக்கலாம்.)

பாய் வீட்டுக் கூடத்தில் கட்டளையை அடித்தேன். ஏறிவிட்டது என்றது திரை. பெட்டி அசையவில்லை. மறுபடி அடித்தேன். சிப் பதில் சொல்லவில்லை என்றது.

"சிப்பு மட்டம் பாய். மாத்திடுறேன்."

இரண்டாவது சிப். மேல் அம்பு. என்டர். செத்தது. மூன்றாவது. மேல் அம்பு. என்டர்.

"மாமா, கொஞ்சம் நிறுத்திட்டு என்னன்னு பாருங்களேன்" என்றான் சேகர்.

"ஒனக்கு என்னடா தெரியும்? வாய மூடிக்கிட்டு மானிட்டரப் புடி."

நான்கு. ஐந்து. ஆறு.

பாய் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினார். "சார், இது என்ன பண்ணும்னு சொன்னீங்க?"

"தண்ணி வத்திட்டா மோட்டார நிறுத்திடும் பாய்."

"நல்ல மிஷினு. நீங்க ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா?" சிரிக்காமல்தான் கேட்டார். "அங்க பாலைவனத்துல மோட்டார் ஆளில்லாம ஓடும் சார். நிறுத்தத் தெரிஞ்ச ஆளுதான் நமக்கு வேணும்." பிறகு மறுபக்கம் திரும்பினார். "தம்பி என்ன வேல பாக்குறீங்க?"

வீடு திரும்பி ஆறு சிப்பையும் பழைய போர்டில் செருகினேன். ஆறும் உயிரோடு இருந்தன. என் கட்டளையின் வாலில், 'இனி வெளியிலிருக்கும் கிரிஸ்டல் தரும் துடிப்பில்தான் ஓட வேண்டும்' என்று சிப்புக்குச் சொல்லும் எண் ஒன்று இருந்தது. கிரிஸ்டல் புளியங்கொட்டை அளவுச் சாமான். அது இல்லாவிட்டால் சிப் செத்ததுபோல் கிடக்கும். பழைய போர்டில் இருந்தது. புதியதில், லட்சணம் கெடுமென்று நான்தான் வைக்கவில்லை.

சேகர் மஸ்கட்டில் பதினேழு வருஷம் இருந்தான். என் வீட்டுக்கு எதிரில் அவன் கட்டிய வீட்டுக்குப் பதினெட்டு ஜன்னல். எண்ணியிருக்கிறேன். அவன் மகள் கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரரிடம் அந்த கிரிஸ்டலைப் பற்றிப் பேச்செடுத்தேன். கதை பாலிடெக்னிக் வரைகூடப் போகவில்லை. எதிர் வரிசையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். கூடவே ஏழு பேர் கோரஸ் பாடினார்கள்:

"தண்ணி வத்தி எத்தன வருஷமாச்சு? மோட்டார நிறுத்துங்க!"