மூன்றாவது வரியில் இறங்கியவர்

தமிழ்நாட்டிலேயே ஒரு கவிதையைக்கூட முழுசாகப் படிக்காமல் ஆறு வருஷம் கருத்து சொன்ன மனிதர் எங்கள் கண்டக்டர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பெயரைச் சொன்னால் செஞ்சியில் யாருக்கும் தெரியாது. அவலூர்பேட்டை பஸ் கண்டக்டர் என்றால் பஸ் ஸ்டாண்டு நாய்கூட வழிகாட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு டுடோரியல் மாடியில் எங்கள் கவிதைப் பட்டறை. பத்துப் பேர், ஒன்பது நாற்காலி. கண்டக்டர் கடைசியாக வந்து சுவரோரம் நின்றுகொள்வார். ஒருவர் தன் கவிதையை ஜெராக்ஸ் எடுத்து வந்து கொடுக்க, மற்றவர்கள் மனசுக்குள் படித்துவிட்டுக் கருத்து சொல்ல வேண்டும். முதலில் நல்லதாக இரண்டு சொல்ல வேண்டும் என்பது விதி. கண்டக்டர் அதை மீறியதே இல்லை. "எழுத்து தெளிவா இருக்குது. பேப்பர் நல்ல பேப்பர்" என்பார். பிறகு காதில் செருகிய பென்சிலை எடுத்து ஏதாவதொரு வரிக்குக் கீழே கோடு போடுவார்.

"நான் இங்க எறங்கிட்டேன் சார்."

அதற்குக் கீழே இருப்பதை யார் கெஞ்சினாலும் படிக்க மாட்டார்.

கோட்டை என்று வந்தால் அந்த வார்த்தையிலேயே இறங்கிவிடுவார். இந்த ஊரில் கோட்டை இல்லாமல் யார் கவிதை எழுதுகிறார்கள்? கேட்டால், "தெனம் எட்டு ட்ரிப் அதைப் பாத்துக்கினுதான் போறேன். நீங்க வேற இன்னாத்துக்குக் காட்டுறீங்க?" என்பார். மேல்சித்தாமூரிலிருந்து வரும் டீச்சரம்மா 'மழை என்னும் தேவதை' என்று முப்பது வரி எழுதி வந்தார். கண்டக்டர் தலைப்பிலேயே இறங்கிவிட்டார். போர்டைப் பார்த்ததுமே ஊர் தெரிந்துவிட்டதாம், அப்புறம் எதற்கு ஏற வேண்டும் என்றார். அந்தம்மா இரண்டு மாதம் பட்டறைப் பக்கமே வரவில்லை.

என் கவிதையில் எப்போதும் மூன்றாவது வரி. பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி, விடைத்தாள் திருத்தி, மிச்சமிருக்கும் தெம்பில் எழுதுகிறவன் நான். இந்த மனுஷன் ஒரே ஒரு தடவை கடைசி வரி வரைக்கும் வந்துவிட மாட்டாரா என்பதுதான் ஆறு வருஷமாக என் ஏக்கம். ஒரு சமயம் கவிதையையே மூன்று வரியில் முடித்துக்கொண்டு போனேன். இரண்டாவதில் இறங்கினார். அதோடு எனக்கு எழுதவே அலுத்துவிட்டது. பட்டறைக்கு முழுக்குப் போட்டுவிடலாம் என்றிருந்தேன்.

அந்த வாரம்தான் கண்டக்டர் முதல்முதலாகத் தன் கவிதையைக் கொண்டுவந்தார். ரிடையராகி ஒரு மாதம் ஆகியிருந்தது. மனைவி இறந்து ஒரு வருஷம். முதலில் கருத்து சொல்ல வேண்டிய முறை என்னுடையது. டீச்சரம்மா தன் பென்சிலைக் கூராகச் சீவி என்னிடம் நீட்டினார்.

முதல் வரியில் நிலா. இரண்டாவதில் கண்ணீர். மூன்றாவதில், சத்தியமாகச் சொல்கிறேன், கோட்டை. பென்சிலை ஊன்றிவிட்டேன். நிமிர்ந்தால், அவர் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற ஆள் அவர். எனக்கு மனசு வரவில்லை. மேலே படித்தேன்.

கடைசி வரிகளில் அவர் மனைவி இருந்தார். அவலூர்பேட்டையிலுள்ள தன் தாய் வீட்டுக்கு இவருடைய பஸ்ஸில் போகும்போதெல்லாம், இவருக்காகப் பக்கத்து சீட்டில் துண்டு போட்டு வைப்பாராம். கூட்டம் திட்டினாலும் எடுக்க மாட்டாராம். இவர் ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை.

பென்சிலை டீச்சரம்மாவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"எங்க சார் எறங்குனீங்க?" என்றார் கண்டக்டர்.

"எறங்கலை."

"மூணாவது வரியில கோட்டை வருதே சார்."

"பாத்தேன். கடைசி வரைக்கும் வந்துட்டேன்."

அவர் தன் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் என் கவிதையை வாங்கி, பேப்பர் நல்ல பேப்பர் என்று சொல்லிவிட்டு, மூன்றாவது வரியில் இறங்கினார். எனக்குக் கோபமே வரவில்லை. இப்போதும் அவர்தான் கடைசியாக வருகிறார், நாற்காலியும் ஒன்பதுதான். அவர் வந்து சேரும்வரை என் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு வைக்கிறேன். யார் முறைத்தாலும் எடுப்பதில்லை.